துளி இரத்தத்தில் புரதம் தேடும் டீ.என்.ஏ. துண்டுகள்: பணம் போடுமுன் வியாபாரி அறிய வேண்டியவை

பரிசோதனைப் பெட்டிகளை இறக்குமதி செய்து பார்மசிகளுக்கும் தனியார் ஆய்வுகூடங்களுக்கும் வழங்கும் இளம் வியாபாரி ஒருவர், அண்மையில் ஒரு வண்ணத் துண்டுப்பிரசுரத்தை என் மேசையில் விரித்து வைத்தார். வெளிநாட்டு விற்பனை முகவர் ஒருவர் அனுப்பியது. அப்டாமர் முறையிலான பரிசோதனைப் பெட்டி, பழைய முறையை விட நூறு மடங்கு நுட்பமானது, குளிரூட்டி தேவையில்லை, விலையும் குறைவு என்று அதில் அச்சிட்டிருந்தது.

“நாநா, இப்படி ஒரு சாமான் கைக்கு வந்தால் நல்லா ஓடும். ஆனால் அப்டாமர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியாத சாமானுக்குக் காசைப் போடலாமா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாகத் தருகிறேன். ஏனெனில் இந்தச் சொல் நம்மில் பலரையும் தேடி வரத்தான் போகிறது. அப்போது முகவரின் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்கும் நிலை நமக்கு வரக்கூடாது. நட்டம் நமது பணத்தோடு நிற்கப் போவதுமில்லை. பிழையான முடிவைக் காட்டும் பெட்டியால் பாதிக்கப்படுபவர் நோயாளர்.

கொவிட் காலம் தந்த பாடம்

2020, 2021ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பீ.சி.ஆர்., அன்டிஜன் என்ற இரண்டு சொற்களும் அப்போது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தன. அன்டிஜன் பரிசோதனை மலிவு, கால் மணி நேரத்தில் முடிவும் கிடைத்துவிடும். பீ.சி.ஆருக்குச் செலவு அதிகம், காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் அன்டிஜனில் ‘இல்லை’ என்று வந்தவருக்கு பீ.சி.ஆரில் ‘உண்டு’ என்று வந்த சம்பவங்கள் ஏராளம். இது ஏன்?

பீ.சி.ஆர். தேடுவது வைரஸின் மரபுப் பொருளை. அன்டிஜன் பரிசோதனை தேடுவது வைரஸின் புரதத்தை. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மரபுப் பொருளைப் பிரதி எடுக்கலாம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படி 30 சுற்றுக்கள் இரட்டித்தால் ஒரே ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டிவிடும். 1983ஆம் ஆண்டு இந்த வழியைக் கண்டுபிடித்த அமெரிக்கரான கரி முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

புரதத்துக்கு அந்த வசதி கிடையாது. புரதத்தைப் பிரதி எடுக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. இரத்தத்தில் இருப்பதை, இருக்கிற அளவிலேயே பிடித்தாக வேண்டும். நம் பார்மசிகளில் விற்பனையாகும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டிகளிலும், டெங்கு என்.எஸ்.1 விரைவுப் பரிசோதனைகளிலும் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களால் ஆனது. ஒவ்வொரு புரதமும் ஒரு துகளை இழுத்து வந்து கோட்டில் சேர்க்கிறது. போதிய துகள்கள் சேர்ந்தால்தான் கோடு கண்ணுக்குத் தெரியும். புரதம் குறைவாக இருந்தால் கோடும் இல்லை.

எவ்வளவு குறைவு?

மாரடைப்பைக் கண்டறிய ட்ரோபோனின் என்ற புரதத்தை அளவிடுகிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்ததே. இன்று பரவலாகப் பயன்படும் உயர் உணர்திறன் கொண்ட ட்ரோபோனின் பரிசோதனை ஒன்றில் எல்லைக்கோடு லீற்றருக்கு 14 நனோகிராம். ஒரு கிராம் ட்ரோபோனினை 7 கோடி லீற்றர் நீரில் கரைத்தால் வரும் அளவு அது.

அளவு மட்டுமல்ல, கூட்டமும் பிரச்சினையே. இரத்தத்தின் திரவப் பகுதியில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அல்புமின். உடலில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின் 6 என்ற புரதம் சுகதேகியின் இரத்தத்தில் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு குறைவு. நம் கணக்கில் சொன்னால், 50 கிலோ அரிசி மூடைகள் 4,000 அடுக்கிய களஞ்சியத்தில் ஒரே ஒரு கறுப்பு அரிசியைத் தேடுவது போன்றது.

இத்தனை காலமும் இந்தத் தேடலைச் செய்து வந்தவை பிறபொருளெதிரிகள். நமது உடல் கிருமிகளைப் பிடிக்கத் தயாரிக்கும் அதே வகைப் புரதங்கள்தான். விலங்குகளின் உடலிலோ வளர்ப்புக் கலங்களிலோ இவற்றை உற்பத்தி செய்கிறார்கள். அவை திறமையானவை. ஆனால் தயாரிக்க மாதக் கணக்காகும், பெரும்பாலும் குளிரில் வைத்துப் பாதுகாக்க வேண்டும், ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் தரம் மாறவும் கூடும்.

மாணிக்கம் அலசுவது போல

இங்கேதான் அப்டாமர் வருகிறது. ஒற்றை இழையாலான சிறிய டீ.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. துண்டே அப்டாமர். டீ.என்.ஏ. என்றதும் பரம்பரைத் தகவல்தான் நினைவுக்கு வரும். இங்கே தகவல் முக்கியமல்ல, வடிவமே முக்கியம். ஒற்றை இழை தன்மீதே மடிந்து ஒரு வடிவத்தை எடுக்கும். எழுத்துக்களின் வரிசை மாறினால் வடிவமும் மாறும். அந்த வடிவம் ஏதாவது ஒரு புரதத்தின் மேற்பரப்பில் சாவி பூட்டில் பொருந்துவது போலப் பொருந்தினால், அதைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும். பொருந்துதல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தே அப்டாமர் என்ற பெயரும் வந்தது.

சரியான சாவியை எப்படிக் கண்டுபிடிப்பது? இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கம் அகழ்வோர் செய்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மண்ணைக் கூடையில் அள்ளி நீரில் அலசுவார்கள். வேண்டாதது கழுவிப் போகும், பாரமான கற்கள் கூடையில் தங்கும். ஆய்வுகூடத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. எழுத்துக்கள் தாறுமாறாக அமைந்த, பத்துக் கோடி கோடி அளவிலான வெவ்வேறு டீ.என்.ஏ. துண்டுகளை இயந்திரத்தில் தயாரிக்கிறார்கள். அவற்றைத் தேவையான புரதத்தின் மீது ஊற்றுகிறார்கள். ஒட்டாதவற்றைக் கழுவி அகற்றுகிறார்கள். ஒட்டியவற்றைப் பிரித்தெடுத்து பீ.சி.ஆர். மூலம் பெருக்குகிறார்கள். பெருக்கியதை மீண்டும் புரதத்தின் மீது ஊற்றிக் கழுவுகிறார்கள். பத்துச் சுற்றளவில் மிகச் சிறந்த சில துண்டுகள் மட்டும் மிஞ்சும். மாணிக்க வியாபாரிக்குக் கிடைக்காத ஒரு பாக்கியம் இதில் உண்டு. ஒரு நல்ல கல் கிடைத்துவிட்டால், அதே கல்லை எத்தனை கோடி வேண்டுமானாலும் அச்சொட்டாகச் செய்து கொள்ளலாம்.

இந்த முறை 1990ஆம் ஆண்டு இரண்டு இடங்களில் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிரெய்க் டூர்க், லரி கோல்ட் ஆகியோரும், பொஸ்டன் நகரில் அன்ட்ரூ எலிங்டன், ஜக் சொஸ்டக் ஆகியோரும் ஒரே ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டனர். 1992இல் கலிபோர்னியாவின் கிலியட் நிறுவன ஆய்வாளர்கள், இரத்தம் உறைவதில் பங்குகொள்ளும் திரொம்பின் என்ற புரதத்தைப் பிடிக்கும் டீ.என்.ஏ. அப்டாமரைக் கண்டுபிடித்தனர். அதன் நீளம் 15 எழுத்துக்கள் மட்டுமே. டீ.என்.ஏ.யின் நான்கு எழுத்துக்களில் இரண்டை மட்டும் வைத்து எழுதப்பட்டது. ஒரு பிறபொருளெதிரியின் எடையில் முப்பதில் ஒரு பங்குதான் அதன் எடை.

புரதக் கேள்விக்கு டீ.என்.ஏ. பதில்

இப்போது மேலே சொன்ன இரண்டு விடயங்களையும் சேர்த்துப் பாருங்கள். புரதத்தைப் பிரதி எடுக்க முடியாது. ஆனால் புரதத்தைப் பிடித்திருக்கும் அப்டாமர் டீ.என்.ஏ. ஆயிற்றே! அதைப் பிரதி எடுக்கலாம். அதாவது, புரதம் இருக்கிறதா என்ற கேள்வியை, டீ.என்.ஏ. இருக்கிறதா என்ற கேள்வியாக மாற்றிவிடலாம். இந்தத் துறையின் அடிப்படைச் சூட்சுமம் இதுதான்.

இதை மிக அழகாகக் காட்டியவர்கள் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2002இல் அவர்கள் வெளியிட்ட முறையில், இரட்டையாக அமைந்த ஒரு வளர்ச்சிப் புரதத்தை இரண்டு அப்டாமர்கள் இரு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு அப்டாமரின் பின்னாலும் ஒரு டீ.என்.ஏ. வால் தொங்குகிறது. இரண்டும் ஒரே புரதத்தில் அமர்ந்தால் வால்கள் அருகருகே வரும். அப்போது ஒரு நொதியம் இரண்டு வால்களையும் ஒட்டிவிடும். ஒட்டிய வால் மட்டுமே பீ.சி.ஆரில் பெருகும். இந்த வழியில் அவர்கள் கண்டறிந்த மிகக் குறைந்த அளவு ஏறக்குறைய 24,000 மூலக்கூறுகள். எண் பெரிதாகத் தோன்றலாம். ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதை மீண்டும் கோடியில் ஒன்றாக்கி, அதையும் பத்தாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுதான் அது.

இரண்டு கை பிடித்தால்தான் கணக்கில் சேரும் என்பதைக் கவனியுங்கள். காசோலைக்கு இரண்டு கையொப்பம் கேட்பது போன்ற பாதுகாப்பு அது. ஒரு அப்டாமர் தவறான இடத்தில் ஒட்டினாலும் பொய்யான முடிவு வருவது குறையும்.

லரி கோல்ட் வேறு வழியில் சென்றார். கொலராடோவில் அவர் ஆரம்பித்த சோமாலொஜிக் என்ற நிறுவனம், டீ.என்.ஏ. எழுத்துக்களுடன் புரதத்தில் காணப்படுவது போன்ற பக்கக் குழுக்களை இரசாயன ரீதியாக இணைத்தது. இதனால் பிடி இறுகியது, ஒட்டியது இலகுவில் விடாது. 2010இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொட்டின் மூன்றிலொரு பங்கு அளவான 15 மைக்ரோலீற்றர் இரத்தத்திலிருந்து 813 புரதங்களை ஒரே நேரத்தில் அளந்து காட்டினர். பின்னர் இந்த எண்ணிக்கை 11,000 வரை உயர்ந்தது. 2021இல் ஐஸ்லாந்தில் 35,559 பேரின் இரத்தத்தை இந்த முறையில் ஆராய்ந்து, எந்த மரபு மாற்றம் எந்தப் புரதத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அட்டவணை இட்டார்கள். புதிய மருந்து தேடும் கம்பனிகளுக்கு இத்தகைய அட்டவணை பெறுமதியானது.

சந்தை சொன்ன தீர்ப்பு

விஞ்ஞானம் இவ்வளவு சிறப்பாக இருந்தால் வியாபாரமும் அப்படியே போயிருக்க வேண்டுமே என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை என்பதுதான் நமக்குரிய பாடம்.

உப்சாலாவில் பிறந்த முறையை வைத்து ஒலிங்க் என்ற கம்பனி உருவானது. ஆனால் அது அப்டாமரோடு நிற்கவில்லை. வால் கட்டும் யோசனையை வைத்துக்கொண்டு, பிடிக்கும் கையை மட்டும் மாற்றியது. அதாவது பிறபொருளெதிரிகளில் டீ.என்.ஏ. வாலைக் கட்டியது. பிறபொருளெதிரிகள் ஏராளமான புரதங்களுக்கு ஏற்கனவே சந்தையில் கிடைத்தன. அப்டாமரையோ ஒவ்வொரு புரதத்துக்கும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. அந்த ஒலிங்க் கம்பனியை ஏறக்குறைய 3.1 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக தேர்மோ பிஷர் நிறுவனம் 2023 ஒக்டோபரில் அறிவித்தது. 2024இல் கொள்வனவு நிறைவேறியது.

அப்டாமரோடு நின்ற சோமாலொஜிக்கின் கதை வேறு. 2021இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு 1.2 பில்லியன் டொலரைத் தொட்டிருந்தது. 2024இல் வேறொரு கம்பனியுடன் இணைக்கப்பட்டது. 2025 ஜூனில் இலுமினா நிறுவனம் அதை வாங்க முன்வந்தபோது பேசிய விலை 350 மில்லியன் டொலர் ரொக்கம், இலக்குகள் நிறைவேறினால் மேலும் 75 மில்லியன். நல்ல சரக்கு என்பது வேறு, சந்தை அந்தச் சரக்குக்குக் கொடுக்கும் விலை வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

எங்கே கவனம் தேவை

அப்டாமரின் பலவீனங்களையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, அதன் வடிவம் சூழலைப் பொறுத்தது. உப்பின் அளவு மாறினால், வெப்பம் மாறினால் மடிப்பும் மாறலாம். ஆய்வுகூடத்தின் சுத்தமான கரைசலில் அருமையாகப் பிடித்த அப்டாமர், இரத்தத்திலோ உணவுச் சாற்றிலோ பிடிக்காமல் போகலாம். இரத்தத்தில் டீ.என்.ஏ.யை வெட்டும் நொதியங்களும் உண்டு.

இரண்டாவது, நுட்பம் வேறு, சரி வேறு. 2023இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வொன்றில், ஒரே புரதத்தை அளப்பதாகச் சொல்லும் சோமாலொஜிக் முறையும் ஒலிங்க் முறையும் பல புரதங்களில் ஒன்றையொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டு தராசுகள் இரண்டு நிறை காட்டினால், ஒன்றாவது பிழை என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயரளவிலான அப்டாமர்களும் சந்தையில் உலாவக்கூடும். புரதம் சம்பந்தப்படாத ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆசனிக் நச்சைப் பிடிக்கும் அப்டாமர் ஒன்று பற்றி 2009இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதை நம்பிப் பல ஆய்வுகூடங்கள் நீர்ப் பரிசோதனை முறைகளை உருவாக்கின. 2019இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் சோதித்தபோது, அந்தத் துண்டு ஆசனிக்கைப் பிடிப்பதே இல்லை என்று தெரியவந்தது. பரிசோதனையில் பயன்பட்ட தங்கத் துகள்களில் ஆசனிக் ஒட்டியதே நிற மாற்றத்துக்குக் காரணம். பத்து ஆண்டுகள் படித்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள் என்றால் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து நாம் ஏமாறுவது பெரிய விடயமல்ல.

முகவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எந்தப் புரதத்தை, எந்த மாதிரியில், எவ்வளவு குறைந்த அளவு வரை காட்டும்? சுத்தமான கரைசலில் எடுத்த எண்ணை ஏற்க வேண்டாம். இரத்தத்தில் அல்லது உரிய உணவுப் பொருளில் எடுத்த எண்ணைக் கேளுங்கள். ‘நூறு மடங்கு’ என்றால் எதைவிட நூறு மடங்கு என்றும் கேளுங்கள்.

2. ஒரு பிடியா, இரண்டு பிடியா? ஒரே அப்டாமரை நம்பிய பரிசோதனை என்றால், தவறுதலாக ‘உண்டு’ என்று காட்டிய வீதம் எவ்வளவு?

3. குளிரூட்டி தேவையில்லை என்பது முழுப் பெட்டிக்கும் பொருந்துமா? உலர்ந்த டீ.என்.ஏ. அறை வெப்பத்தில் கெடாது என்பது உண்மை. ஆனால் பெருக்குவதற்கும் ஒட்டுவதற்கும் பெட்டியில் நொதியங்கள் இருக்கும். விசேடமாக உலர்த்தித் தயாரித்தாலன்றி அவற்றுக்குக் குளிர் அவசியம். துறைமுகத்தில் வெயிலில் கிடக்கும் கொள்கலனுக்குள் கெடப்போவது அப்டாமர் அல்ல, நொதியம்தான்.

4. வாசிக்க எந்த இயந்திரம் வேண்டும்? பெட்டி மலிவாக இருக்கலாம். ஆனால் அந்தக் கம்பனியின் இயந்திரத்தில் மட்டுமே வேலை செய்யும் என்றால், இயந்திரத்தின் விலையும் திருத்த வேலையும் சேர்ந்ததே உண்மையான விலை.

5. பதிவு உண்டா? நமது நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு இன்றி வைத்தியப் பரிசோதனைப் பெட்டிகளைக் கொண்டுவந்து விற்க முடியாது. முற்பணம் அனுப்புமுன் இதைப் பார்க்க வேண்டும். உற்பத்தியாளருடன் தொடர்பில்லாத ஆய்வுகூடம் ஒன்றின் ஒப்பீட்டு அறிக்கையையும் கேளுங்கள்.

முடிவாக

வைத்தியசாலைகளில் இன்று நடக்கும் புரதப் பரிசோதனைகளில் மிகப் பெரும்பாலானவை பிறபொருளெதிரிகளை நம்பியே நடக்கின்றன. அப்டாமர் அதிகமாக உழைப்பது ஆராய்ச்சிக் கூடங்களில். உணவுத் துறையிலும் முயற்சிகள் நடக்கின்றன. கோதுமையின் குளூட்டன் புரதத்தைக் கண்டறியும் அப்டாமரை ஸ்பெயினின் ஒவியேடோ பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்டனர். குளூட்டன் இல்லை என்று சுட்டி ஒட்டும் உணவில் அது கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச உணவு நியமம். ஏற்றுமதியாளர்கள் கவனிக்க வேண்டிய திசை இது.

இளம் நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: “தம்பி, இது பொய்ச் சாமான் இல்லை. உண்மையான விஞ்ஞானம். ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் பெட்டி உண்மையானதா என்பது வேறு கேள்வி. ஐந்து கேள்வியையும் எழுத்தில் அனுப்புங்கள். எழுத்தில் பதில் வந்தால் பத்துப் பெட்டி மாதிரிக்கு எடுத்து, உங்களிடம் சாமான் வாங்கும் ஆய்வுகூடத்தில் பழைய முறையோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு காசைப் பற்றிப் பேசலாம்.”

அவர் கேள்விகளை அனுப்பினார். மூன்றுக்குப் பதில் வந்திருக்கிறது. குளிரூட்டி பற்றியும் பதிவு பற்றியும் கேட்ட இரண்டுக்கும் இன்னும் பதில் இல்லை. பணமும் இன்னும் அவரது கணக்கிலேயே இருக்கிறது.